தபால் பைக்காக உயிரா?

உலகத்திலேயே முதன்முதலாக அதிகாரபூர்வமாக விமானத்தில் தபால் போனது எங்கே தெரியுமா? லண்டனும் இல்லை, பாரிஸும் இல்லை. நம்ம அலகாபாத். 1911 பிப்ரவரி 18 அன்று, கண்காட்சிக்காக வந்திருந்த ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு, யமுனையைத் தாண்டி நைனியில் போய் இறங்கினார். ஏறக்குறைய 10 கிலோமீட்டர். கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. படகில் போயிருந்தாலும் அந்தக் கடிதங்களுக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது. அன்றைக்கு அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

அடுத்த இருபது வருடங்களில் அந்த வேடிக்கை உயிர் கேட்கிற வேலையாக மாறியது. பிரான்ஸில் கிளம்பி, ஆப்பிரிக்கக் கரை வழியாகத் தென் அமெரிக்காவின் மறுகோடி வரை போன ஒரு தபால் பாதையில் விமானிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மலையில் மோதினார்கள், கடலில் விழுந்தார்கள், பாலைவனத்தில் சுடப்பட்டார்கள். கூடவே இருந்தது கடிதப் பை.

நான் ஆரம்பகால விமானங்களைப் படிக்கத் தொடங்கியது இயந்திர ஆர்வத்தில்தான். ரைட் சகோதரர்கள் இறக்கை வளைவுகளைச் சோதிக்கக் கட்டிய காற்றுச் சுரங்கம், எஞ்சின் எடைக் கணக்கு, இந்த மாதிரி விஷயங்கள். படிக்கப் படிக்க, இயந்திரத்தைவிட அதில் ஏறி உட்கார்ந்த ஆட்கள்தான் அதிகம் தொந்தரவு செய்தார்கள். பையில் இருந்தது மருந்து இல்லை, போர்ச் செய்தி இல்லை. வியாபாரக் கடிதங்கள், வங்கிக் காகிதங்கள், காதலர்கள் எழுதியது, அம்மாவுக்கு எழுதியது. ரெண்டு நாள் தாமதமானால் யாரும் சாகப் போவதில்லை. இதற்காகவா உயிர்?

வாழ்க்கையின் பொருள் என்ன என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எனக்குத் தலை சுற்றும். ஆனால் "தபால் பைக்காக உயிரைக் கொடுக்கலாமா?" என்று கேட்டால் அதைப் பிடித்துக்கொண்டு யோசிக்க முடிகிறது. அந்த யோசனைதான் இந்தப் பதிவு.

பாதை எப்படி உருவானது

முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11-ல் முடிந்தது. பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் பியேர்-ஜார்ஜ் லாத்தேகோயேர் என்ற தொழிலதிபர் இருந்தார். ரயில் பெட்டி செய்தவர், போர்க்காலத்தில் விமானமும் செய்தார். போர் முடிந்ததும் தொழிற்சாலை இருக்கிறது, விமானங்கள் இருக்கின்றன, வேலையில்லாத விமானிகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர் போட்ட திட்டம்: துலூஸ், ஸ்பெயின், மொராக்கோ, டக்கார், அட்லாண்டிக்கைத் தாண்டி பிரேசில், அங்கிருந்து அர்ஜென்டினா, சிலி. போர் முடிந்து ஆறே வாரத்தில், 1918 டிசம்பர் 25 அன்று, துலூஸிலிருந்து பார்சலோனாவுக்கு முதல் சோதனைப் பயணம். 1919-ல் காசாபிளாங்கா. 1925-ல் டக்கார். 1927-ல் கம்பெனி கைமாறி ஏரோபோஸ்தால் என்ற பெயர் வந்தது. அதில் வேலை செய்தவர்கள் அதை வெறுமனே "பாதை" என்றுதான் சொன்னார்கள்.

அவர்கள் ஓட்டியது ப்ரெகே 14. போரில் குண்டு போட்ட விமானம், மிச்சம் இருந்ததைத் தபாலுக்கு மாற்றியது. ஒற்றை எஞ்சின். மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர், அதாவது இன்றைக்கு நம்ம வந்தே பாரத் ரயில் ஓடுகிற வேகம். விமானி உட்காருமிடத்துக்கு மேலே கூரை கிடையாது. மழை பெய்தால் முகத்தில்தான் அடிக்கும். ரேடியோ கிடையாது. ஒரு திசைகாட்டி, ஒரு வரைபடம், கீழே தெரிகிற தரை.

அந்த எஞ்சின் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சஹாரா கரையோரத்தில் இரண்டு விமானங்கள் ஜோடியாகப் பறக்கும். ஒன்று கீழே விழுந்தால் மற்றது இறங்கி விமானியையும் தபாலையும் ஏற்றிக்கொள்ளும். நம் துறையில் ஒரு சர்வர் படுத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் என்று ஏற்பாடு செய்கிறோமே, அதே தர்க்கம்தான். வித்தியாசம், இங்கே உதவிக்கு இறங்குகிறவனும் மாட்டிக்கொள்ளலாம். 1926 நவம்பரில் அதுதான் நடந்தது. ஒரு விமானம் எஞ்சின் நின்று இறங்கியது. தோழனைக் காப்பாற்ற இறங்கிய எராப்ல் என்ற விமானி அங்கேயே கொல்லப்பட்டார். சுட்டவர்கள் அந்தப் பாலைவனத்து மக்கள். தங்கள் மண்ணுக்கு மேலே ஐரோப்பியர் பறப்பதை அவர்கள் விருந்தாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வரைபடத்தில் இல்லாத மூன்று மரங்கள்

1926-ல் இந்தக் கம்பெனியில் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முன்னால் ஓடு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதியவர். பிறகு லாரி விற்பனைப் பிரதிநிதி. ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து விற்றது ஒரே ஒரு லாரி என்று சொல்வார்கள். பெயர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. ஆமாம், 'குட்டி இளவரசன்' எழுதியவரேதான். க்ரியா வெளியீடாகத் தமிழில் வந்த அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் பலர் அவரைக் குழந்தைக் கதை எழுத்தாளர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருடைய தொழில் தபால் கொண்டுபோவது.

முதல் தபால் பயணத்துக்கு முந்தைய இரவு ஸ்பெயினைத் தாண்டுவதை நினைத்துப் பயம். தன்னைவிடப் பாதையை நன்றாக அறிந்த நண்பரிடம் போனார். அந்த நண்பர் ஆன்ரி கியோமே. இருவரும் விளக்கடியில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தார்கள். அந்த இரவைப் பற்றி செந்த்-எக்சுபெரி 1939-ல் வெளிவந்த 'மனிதர்களின் பூமி' என்ற பொருள்படும் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கியோமே நகரங்களையோ மலை உயரங்களையோ சொல்லிக்கொடுக்கவில்லை. குவாதிஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு வயலோரம் மூன்று ஆரஞ்சு மரங்கள் இருக்கின்றன, ஜாக்கிரதை என்றார். ஒரு புல்வெளியைக் காட்டி, இறங்க வசதியாகத் தெரியும், ஆனால் புல்லுக்கடியில் ஓடை ஒளிந்திருக்கிறது என்றார். இன்னொரு சரிவில் முப்பது ஆடுகள் திடீரென்று சக்கரத்துக்குக் குறுக்கே ஓடிவரலாம் என்றார். மலைமேல் ஒரு பண்ணை வீடு, அதில் ஒரு விவசாயியும் மனைவியும், ஆபத்தென்றால் உதவுவார்கள் என்றார்.

கியோமேயின் வரைபடத்தில் அச்சாகாத தகவல்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் அங்கே சிக்கிக்கொண்ட அனுபவம் இருக்கிறது. பழைய ஆள் புது ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "இந்த இடத்துல கை வைக்காதே, வெடிக்கும்" என்று சொல்லிக்கொடுப்பதை எந்தத் தொழிலில் இருப்பவரும் அறிவார். அந்த ஒரு இரவில் ஒரு நாட்டின் புவியியலே அவருக்கு மனிதர்களும் மரங்களும் ஆடுகளுமாக மாறிவிட்டது. பயணம் என்பது ஒரு ஆள் தனியாகச் செய்கிற சாகசம் அல்ல என்பது எனக்குப் புரிந்ததும் இந்தப் பக்கத்தில்தான்.

இரவு எடுத்துக்கொண்ட லாபம்

பாதையின் செயல்பாட்டை நடத்தியவர் திதியே தோரா. இவரைப் பற்றிக் கேட்டால் பயம் வரும், மரியாதையும் வரும். புதிதாகச் சேருகிற விமானியை முதலில் பட்டறைக்கு அனுப்பி எஞ்சின் உருளைகளைக் கழுவ விடுவார். பின்னாளில் பிரான்ஸே கொண்டாடிய ஜான் மெர்மோஸ் சேர வந்தபோது தன் திறமையைக் காட்ட வானத்தில் குட்டிக்கரணம் போட்டார். சர்க்கஸ்காரன் எனக்கு வேண்டாம், பஸ் ஓட்டுநர்தான் வேண்டும் என்கிற தோரணையில் தோரா அவரைக் கிட்டத்தட்டத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தோராவின் தலைவலி ஒரு கணக்கு. பகலெல்லாம் பறந்து ரயிலையும் கப்பலையும் முந்துகிற தபால், ராத்திரி நின்றுவிடுகிறது. ரயிலும் கப்பலும் ராத்திரியும் ஓடுகின்றன. பகலில் சம்பாதித்த மணிகளை இரவு தின்றுவிடுகிறது. அப்படியானால் விமானத் தபாலுக்கு யார் கூடுதல் காசு கொடுப்பார்கள்? ஆகவே இரவிலும் பறக்க வேண்டும். அந்த விமானங்களில், அந்த இருட்டில். 1928-ல் தென் அமெரிக்காவில் மெர்மோஸ் அதைத் தொடங்கிவைத்தார்.

இந்தக் கணக்கிலிருந்துதான் செந்த்-எக்சுபெரி 1931-ல் 'இரவுப் பறத்தல்' என்ற பொருள்படும் நாவலை எழுதி, தோராவுக்கே அர்ப்பணித்தார். அதில் ரிவியேர் என்கிற மேலதிகாரி ஒருவர் வருகிறார். ஒரு விமானி புயலில் தொலைந்துகொண்டிருக்கும்போது கூட அடுத்த விமானத்தைக் கிளப்பச் சொல்கிறவர். நாவலில் ஒரு இடம் என்னை விடவே மாட்டேன் என்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் அடிபட்டுக் கிடக்கிறான் ஒரு ஆள். ஒரு இன்ஜினியர் ரிவியேரிடம் கேட்கிறார்: நசுங்கிப்போன இந்த முகத்தின் விலைக்கு இந்தப் பாலம் தகுமா? அந்தப் பாலத்தில் நடக்கப் போகிற எந்த விவசாயியைக் கேட்டாலும், வேண்டாம், நான் அடுத்த பாலம் வழியாகச் சுற்றிப் போகிறேன் என்றுதான் சொல்வான். ஆனாலும் பாலங்கள் கட்டப்படுகின்றன. ஏன்?

ரிவியேரிடம் தெளிவான பதில் இல்லை. மனித உயிருக்கு விலை இல்லை என்று ஒத்துக்கொள்கிறார். இருந்தாலும் அதைவிடப் பெரியது ஏதோ இருப்பதுபோல நாம் நடந்துகொள்கிறோம், அது என்ன என்று கேட்டு நின்றுவிடுகிறார். நாவல் வந்த காலத்தில் பரிசும் புகழும் கிடைத்தன. ஆனால் எனக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். "பெரியது ஏதோ ஒன்று" என்பதை யார் வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். தேசம், கட்சி, கம்பெனி, காலாண்டு இலக்கு. அடுத்தவன் உயிரைக் கேட்கிறவர்கள் எல்லாரும் இந்தக் காலி இடத்தை வைத்துத்தானே கேட்கிறார்கள்?

அதற்கு ஒரு பதில், அந்த நாவல் வெளிவருவதற்கு முந்தைய வருடமே ஆண்டிஸ் மலையில் நடந்து வந்தது. நடந்து வந்தது என்று நான் எழுதுவது நேர் அர்த்தத்தில்தான்.

கியோமேயின் நடை

1930 ஜூன் 13. தென் அரைக்கோளத்தில் அது கடும் குளிர்காலம். கியோமே சிலியின் சாந்தியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் மெந்தோசாவுக்குத் தபாலோடு கிளம்பினார். விமானம் போத்தேஸ் 25, ஒற்றை எஞ்சின், இரட்டை அடுக்கு இறக்கை. பனிப்புயல் விமானத்தைக் கீழே அழுத்தியது. மலைகளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு ஏரி தெரிந்தது. லாகுனா தியமாந்தே. கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரம் மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிற ஏரி. எரிபொருள் தீரும் வரை அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்தார். பிறகு கரையில் இறக்கினார். பனியில் சக்கரம் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது.

வெளியே வந்தால் புயல் ஆளைத் தூக்கி அடிக்கிறது. விமானத்துக்கு அடியில் பனியைத் தோண்டிக் குழி செய்தார். அதில் படுத்துக்கொண்டு தபால் பைகளைத் தன்னைச் சுற்றி அடுக்கிக்கொண்டார். இரண்டு நாள் அப்படியே. புயல் ஓய்ந்ததும் எழுந்து நடக்கத் தொடங்கினார். ஐந்து பகல், நான்கு இரவு.

பனிக்கோடரி இல்லை, கயிறு இல்லை, சாப்பாடு இல்லை. உயர்ந்த கணவாய்களில் ஏற வேண்டும், பாறைச் சரிவுகளில் கைகால் ரத்தம் வரத் தவழ வேண்டும். கால் வீங்க வீங்க ஷூவைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்து இடம் பண்ணிக்கொண்டார். தூங்கினால் விறைத்துச் செத்துவிடுவோம் என்று தெரியும், அதனால் தூங்கவில்லை. மேலே ஆகாயத்தில் செந்த்-எக்சுபெரியும் இன்னொரு விமானியும் நாள் கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பெரிய மலையில் ஒரு ஆள் புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. ஆண்டிஸ் குளிர்காலத்தில் மனிதனைத் திருப்பித் தராது, தேடுவதை விடுங்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

நடுவில் ஒரு தடவை சரிந்து முகம் குப்புற விழுந்தார். எழவில்லை. குளிர் ஒரு கட்டத்துக்கு மேல் சுகமாகிவிடுமாம். அப்படியே கண்ணை மூடிவிட்டால் வேலை முடிந்தது. அப்போது மனைவி நோயெலின் நினைவு வந்தது. கூடவே ஆயுள் காப்பீட்டின் நினைவும் வந்தது!

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தேன். அந்தப் பணம் வந்தால் நோயெல் வறுமையில் விழமாட்டாள். ஆனால் ஆள் காணாமல் போனால், சட்டப்படி இறந்ததாக அறிவிக்க நான்கு வருடம் ஆகும். உடல் கிடைக்க வேண்டும். தான் விழுந்து கிடக்கிற சரிவில் செத்தால், கோடையில் பனி உருகும்போது உடல் ஏதோ ஒரு பள்ளத்துக்குள் உருண்டு போய்விடும். ஐம்பது மீட்டர் மேலே ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தது. அதில் சாய்ந்து செத்தால் உடல் அங்கேயே இருக்கும், யாராவது கண்டுபிடிப்பார்கள்.

அந்தப் பாறை வரைக்கும் போகத்தான் எழுந்தார். எழுந்தவர் அதற்குப் பிறகு இரண்டு இரவும் மூன்று பகலும் நடந்தார். ஜூன் 19 அன்று அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர் கண்ணில் பட்டார். பிழைத்தார்.

என் வாசிப்பு

சாகசக் கதைகளில் ஹீரோ "வாழ வேண்டும்" என்ற வெறியோடு எழுவான். கியோமே எழுந்தது சாவதற்கு. தன் சாவு இன்னொருத்திக்குப் பிரயோஜனப்படட்டும் என்று. வாழும் ஆசை அவரிடம் அந்த நிமிஷம் இல்லை, அது பனியில் உறைந்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு காப்பீட்டு விதி, ஒரு மனைவி, ஐம்பது மீட்டர். அது போதுமானதாக இருந்தது.

மனைவி என்ன நினைப்பாள், தோழர்கள் என்ன நினைப்பார்கள் என்றும் நடந்த நேரமெல்லாம் யோசித்ததாக அவர் நண்பரிடம் சொல்லியிருக்கிறார். நான் உயிரோடு இருந்தால் நடந்துகொண்டிருப்பேன் என்று அவர்கள் நம்புவார்கள், அந்த நம்பிக்கைக்குத் துரோகம் பண்ண முடியுமா என்கிற யோசனை அது.

இப்போது தபால் பையைப் பாருங்கள். வருடக்கணக்கில் அந்தப் பைக்காக உயிரைப் பணயம் வைத்த கூட்டம் இது. அந்தப் பைகள் அந்த இரண்டு நாள் குளிரில் அவரைக் காப்பாற்றின. பிறகு நடக்கக் கிளம்பியபோது பைகளை அங்கேயே விட்டுவிட்டுத்தான் போனார். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படியானால் பை முக்கியமில்லையா? முக்கியம்தான். ஆனால் பையின் மதிப்பு அதற்குள் இருக்கிற காகிதத்தில் இல்லை. அந்தக் காகிதத்துக்காக ஒருவர் வாசலில் நிற்கிறார், அதில் இருக்கிறது. அடுத்த நிலையத்தில் ஒரு விமானி எஞ்சினைச் சூடுபண்ணிக்கொண்டு நிற்கிறார், அதிலும் இருக்கிறது. கியோமே நடந்ததும் அதே காரணத்துக்காகத்தான். ஒருவர் காத்திருக்கிறார். இந்தத் தடவை போய்ச் சேர வேண்டிய தபால் அவரேதான்.

இந்த எண்ணம் செந்த்-எக்சுபெரிக்கே இன்னொரு முறை வந்தது. 1935 டிசம்பர் 30 அதிகாலையில் பாரிஸ்–சைகோன் பந்தயத்தில் பறந்தபோது, மெக்கானிக் ப்ரெவோவுடன் லிபியப் பாலைவனத்தில் விழுந்தார். அது தபால் பயணம் கூட இல்லை, பரிசுப் பணத்துக்காகப் போனது. குடிக்கக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் ஒயின், ஒரு ஆரஞ்சு. தாகத்தில் கானல் பார்த்துக்கொண்டு நடக்கும்போது அவருக்கு நிலைமை தலைகீழாகத் தெரிகிறது. ஆபத்தில் இருப்பது நாம் இல்லை, வீட்டில் காத்திருப்பவர்கள். அவர்கள்தான் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள், நாம்தான் ஓடிப்போய் அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியதாம். கடைசியில் ஒட்டகத்தோடு வந்த ஒரு பெதுவின் கண்டுபிடித்துத் தண்ணீர் கொடுத்தார்.

நமக்கு இது புதிதில்லை. சங்க இலக்கியத்தில் பாலைத் திணைக்கு உரிப்பொருள் பிரிவு. வெயிலில் நடந்து போகிறவன் ஒருவன், வீட்டில் காத்திருப்பவள் ஒருத்தி. அந்தப் பாடல்களில் எத்தனையோ காத்திருப்பவள் பேசுவதாகவே இருக்கும். ஏன் போகிறான் என்று கேட்டால், பொருள் தேடி. தமிழில் பொருள் என்றால் செல்வம், அர்த்தமும் அதே சொல்தான். பொருள் தேடிப் பாலையைக் கடக்கிறவனுக்குப் பொருள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறது என்று அந்தக் கவிஞர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அழகான கதை என்பதால் ஏமாந்துவிடலாமா?

இங்கேயே முடித்தால் கண்ணில் நீர் வரும் பதிவாக இருக்கும். ஆனால் மறுபக்கத்தையும் வைத்தாக வேண்டும்.

1936 டிசம்பர் 7. மெர்மோஸ் டக்காரிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பினார். 1930 மே மாதம் அந்தக் கடலை முதன்முதலாகத் தபாலோடு பறந்து கடந்தவரே அவர்தான். இந்த முறை கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு எஞ்சினின் சுழலியில் கோளாறு என்று திரும்பி வந்தார். மாற்று விமானம் தயாராக இல்லை. அவசரமாகச் சரிபார்த்துவிட்டு மறுபடி கிளம்பினார். சில மணி நேரம் கழித்து, வலதுபக்கப் பின் எஞ்சினை நிறுத்துகிறோம் என்று ரேடியோவில் ஒரு செய்தி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவரோடு நான்கு பேர்.

அந்தத் தபால் ஒரு நாள் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஏரோபோஸ்தால் கம்பெனியே 1931-ல் பண நெருக்கடியில் மூழ்கி, 1933-ல் புதிதாக உருவான ஏர் பிரான்ஸில் கரைந்துபோனது. பெரியது என்று நினைத்து உயிர் கொடுத்த அந்த "பாதை"யின் பெயர்ப்பலகை அவர்கள் கண்முன்னாலேயே கழற்றப்பட்டது.

நம் தொழிலிலும் இந்த மொழி தாராளமாகப் புழங்குகிறது. நடுராத்திரி போன் அடிக்கிறது, சர்வர் படுத்துவிட்டது, எழுந்து உட்கார்கிறோம். அது சரி, யாரோ ஒருவர் நம்மை நம்பி இருக்கிறார். ஆனால் அதே "அர்ப்பணிப்பு" என்ற சொல்லை வைத்துத்தான், விற்பனைப் பிரிவு வாய் தவறிக் கொடுத்த ஒரு தேதிக்காக மாதக்கணக்கில் தூக்கத்தையும் கேட்கிறார்கள். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இந்த விமானிகளைப் படித்து நான் எனக்காக வைத்துக்கொண்ட கேள்விகள் மூன்று. ஒன்று, மறுமுனையில் காத்திருப்பவர் யார் என்று முகத்தோடு சொல்ல முடிகிறதா? கியோமேக்கு முடிந்தது. ரிவியேரால் "பெரியது ஏதோ ஒன்று" என்றுதான் சொல்ல முடிந்தது. இரண்டு, நான் விழுந்தால் என்னைத் தேடி யாராவது பறப்பார்களா? எராப்ல் இறங்கினார், செந்த்-எக்சுபெரி தேடினார். கேட்கிற இடத்திலிருந்து பதிலுக்கு ஒன்றும் வராதென்றால் அது பாசம் இல்லை, வசூல். மூன்று, தேவைப்பட்டால் பையை விட்டுவிட்டு வர அனுமதி இருக்கிறதா? விட முடியாத பை கடமையாக இருக்காது, விலங்காகத்தான் இருக்கும். மெர்மோஸுக்கு அந்த அனுமதி இருந்தும் அவர் எடுத்துக்கொள்ளவில்லையா, அல்லது அப்படி ஒன்று இருப்பதையே பழக்கம் மறக்கடித்துவிட்டதா? அன்று டக்காரில் கிளம்பியதை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறேன்.

செந்த்-எக்சுபெரியும் இந்தத் திசையில்தான் நகர்ந்தார் என்று நினைக்கிறேன். 1931 நாவலில் மனிதனைத் தாண்டிய ஒன்றைத் தேடினார். 1939 புத்தகத்தை கியோமேக்கு அர்ப்பணித்து, மனிதர்களுக்கு நடுவே இருக்கிற பிணைப்பைப் பற்றிப் பேசினார். 1943-ல் வந்த 'குட்டி இளவரசன்' ஒரே ஒரு ரோஜாவில் வந்து நின்றது. உலகில் ஆயிரக்கணக்கில் ரோஜாக்கள் இருக்கும்போது, தான் தண்ணீர் ஊற்றிய ஒன்றுக்காகத் திரும்பிப் போக நினைக்கிறான் அந்தப் பையன். லட்சக்கணக்கான கடிதங்களில் நம் பெயர் எழுதியது ஒன்று இருக்கிறதே, அது மாதிரி.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபாலை ஓட்டி வந்தார். அதை வாங்கிக்கொண்டு நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குப் பறந்தார். அந்தப் பையில் வந்த கடிதங்களை இங்கே தெருத்தெருவாக வீட்டு வாசல்களுக்குக் கொண்டுபோனது சைக்கிளோ காலோதான். ஆகாயத்தில் வந்தாலும் கடைசி ஐம்பது மீட்டரை ஒரு மனிதர்தான் நடக்க வேண்டியிருந்தது.

மெர்மோஸ் இறந்தது 34 வயதில். கியோமே 1940 நவம்பர் 27 அன்று மத்தியதரைக்கடல் மேலே சுட்டு வீழ்த்தப்பட்டபோது 38. செந்த்-எக்சுபெரி 1944 ஜூலை 31 அன்று உளவு விமானத்தோடு காணாமல் போனபோது 44. விமானத்தின் உடைந்த பாகங்கள் மார்செய் அருகே கடலடியில் அறுபது வருடம் கழித்துத்தான் அவருடையவை என்று உறுதியாயின. எனக்கு இப்போது 46. மூவரையும் வயதில் தாண்டிவிட்டேன். அவர்களுடைய தைரியத்தில் பத்தில் ஒரு பங்கும் என்னிடம் இல்லை, அதைப் பற்றி வருத்தமும் இல்லை. ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, அதற்கு விமானம் தேவையில்லை. வாழ்க்கைக்குப் பொருள் என்ன என்ற கேள்வி பெரிதாகி மூச்சு முட்டும்போது, அதை ஐம்பது மீட்டராகச் சுருக்கிக்கொள்ளலாம். யார் காத்திருக்கிறார்கள்? அவர்களுக்காக அடுத்த பாறை வரை போக முடியுமா? அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.